பனிக்குள் வந்த அம்மா

இரண்டு வருடத்துக்கு முன், காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் நடந்தது இது. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஆட்கள் வேலைக்குப் போனதும் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பெரியவர்களிடம் பேசவே கூச்சம். பிள்ளைகளிடம் மட்டும் வாய் நீளும்.

செடிகளுக்குள் பனி இறங்கிவிட்டால் பிள்ளை எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. அதனால், "பனிக்குள்ள ஒருத்தி வருவா கண்ணு. தெரிஞ்சவங்க மூஞ்சியப் போட்டுட்டு வந்து தூக்கிட்டுப் போயிருவா" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருவரும் வாசல் தாண்ட மாட்டார்கள். எனக்கு அது நிம்மதி.

அவர்களில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. யாராவது தெரியாமல் மேலே பட்டால்கூடக் கடித்துவிடுவாள். கேட்டால், "வேணும்னேதான் இடிச்சான், என்னையப் புடிக்க வந்தான்" என்பாள். முரட்டுப் பிள்ளை என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

அன்று மூன்று மணிக்கே நல்ல பனி. வாசல் குழாயில் அவளுக்குக் கை கழுவி விட்டுக்கொண்டிருந்தேன். செடிகளுக்கு நடுவே ஓர் உருவம். மழைக்கும் குளிருக்கும் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்ப்போமே, அந்தக் கொங்காணி. முகம் தெரியவில்லை. கால் சத்தமும் இல்லை. இரண்டு கையையும் நீட்டியபடி நேராக அவளைப் பார்த்து வந்தது.

"யாருங்க?" என்றேன். காற்றுப் போல ஒரு சத்தம்தான் வந்தது. நானே ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

பிள்ளை ஒரு கல்லை எடுத்து வீசிவிட்டாள்.

உருவம் அப்படியே உட்கார்ந்தது. சாக்கு நழுவியது. பார்த்தால், அவளைப் பெற்றவள்! புருவத்துக்கு மேலே ரத்தம். காய்ச்சலில் தொண்டை கட்டி, குரல் போய், பாதி வேலையில் வந்திருக்கிறாள். மகளைத் தூக்கத்தான் கையை நீட்டியிருக்கிறாள்.

"ஊட்டுக்குப் போலாம் வா கண்ணு" என்றாள். அது அவள் குரலாகவே இல்லை.

பிள்ளை இன்னொரு கல்லை எடுத்தாள். "கிட்டப் போகாதீங்க ஆயா. அம்மா மூஞ்சியப் போட்டுட்டு வந்திருக்குது."

நான் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தை. ஓடிப் போய் அந்தத் தாயைக் கட்டிக்கொண்டேன். "நாஞ் சொன்னது பொய் சாமி. அப்பிடி ஒருத்தி இல்லவே இல்ல." பிள்ளையின் கையிலிருந்து கல் விழ நெடுநேரம் ஆனது.

காயம் தையல் போட்டு ஆறிவிட்டது. இப்போது பிள்ளைகள் இடித்துக்கொண்டால், "வேணும்னு இடிச்சானா, தெரியாமப் பட்டுதா? அவனையே கேளு சாமி" என்கிறேன். அவளும் கேட்கப் பழகியிருக்கிறாள். ஆனால் பனி நாளில் அந்தத் தாய் தூரத்திலேயே நின்று, கொங்காணியைக் கழற்றி, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் கிட்டே வருகிறாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், பிள்ளைகளை அடக்க நான் சொன்ன பொய் இன்னும் அந்தச் செடிகளுக்குள் நடமாடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.