சகலையின் சீசாவில் என் சிறுநீர்

என் அண்ணனின் காலைப் பார்த்து, "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கத்திய டாக்டர் நீங்கள்தான். முன்னாடியே வந்த என்னை விரட்டியவரும் நீங்கள்தான்.

அண்ணன் மலைக்கோட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் மூட்டை தூக்கினார். நானும் அங்கேதான். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சேர்ந்து போவோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் செருப்புக் கடித்து அவர் குதிகாலில் புண் வந்தது. மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டார். ஆறவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது சர்க்கரை வியாதி என்றீர்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தீர்கள். அப்படியும் பதினோராம் நாள் செத்துப்போனார்.

நீங்கள் கத்தியதை நான் மறக்கவில்லை. சில வருஷம் கழித்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாதபோதே, கடையில் அரைநாள் லீவு கேட்டு உங்கள் வரிசையில் வந்து நின்றேன்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அண்ணனுக்குச் சர்க்கரை இருந்துச்சு. எனக்கும் இருக்கான்னு பார்க்கணும்."

"நல்லா இருக்கறவனை எல்லாம் சர்க்கார் செலவுல பார்த்துக்கிட்டிருந்தா, அதோ தரையில கெடக்கறானே, அவனை யாருய்யா பார்க்கறது? போ, போ. அடுத்த ஆள் வா!"

தரையில் நிஜமாகவே ஆள் கிடந்தான். கடைக்கே திரும்பினேன்.

அதற்கப்புறம்தான் என் வயிறு எரிய ஆரம்பித்தது. என் மனைவியின் தங்கை புருஷனுக்குக் கைலாசபுரத்தில், சர்க்கார் ஃபாக்டரியில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், அதெல்லாம் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை அவனுக்கு உடம்பு பார்ப்பார்கள். கண், பல், நெஞ்சு, ரத்தம், சிறுநீர் எல்லாம். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு அவனுக்கு. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சு.

"எங்க டாக்டர் முட்டியில சுத்தியால தட்டிக்கூடப் பார்த்தாருண்ணே. காலு தானா எகிறுது!"

"தலையில தட்டச் சொல்லு. உள்ள ஏதாவது இருக்கான்னு தெரியட்டும்."

அதற்கும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரியும்.

ஒருமுறை அவனும் அவன் மனைவியும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் அவனுக்குப் பரிசோதனை. காலையில் முதலில் போகிற சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தன் பேர் ஒட்டிய சீசாவை நிரப்பி, கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு, காவிரிக்குக் குளிக்கப் போனான். நான் அதைச் சாக்கடையில் கொட்டினேன். சீசாவைக் கழுவி என்னுடையதைப் பிடித்து வைத்தேன். திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. சீசாவில் அவன் பேரைப் பார்த்தேன், பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தான். முகம் செத்திருந்தது.

"அண்ணே, எனக்குச் சர்க்கரையாம். சீசாவுல இருந்ததுல மருந்து ஊத்திக் காய்ச்சினதும் செங்கல் நிறத்துக்கு வந்துருச்சாம். அவ வேற மாசமா இருக்காண்ணே."

ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படட்டும் என்றிருந்தது. என் மனைவி கொடுத்த காபியை அவன் தொடாமல் தள்ளி வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாதி அவனுக்கில்லை, எனக்கு. அண்ணனின் கால் கண்முன்னால் வந்தது.

"குடிப்பா. உனக்கு ஒண்ணும் இல்லை. அது என்னுது."

நடந்ததைச் சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அடிப்பான் என்று நினைத்தேன்.

"கேட்டிருந்தா ரெண்டு சீசாவாக் கொண்டுபோயிருப்பேனேண்ணே! கம்பவுண்டர் தெரிஞ்சவருதான்."

அவனிடம் போய்க் கேட்பதா என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன்.

அவனே என்னைத் தன் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவனை மறுபடி சோதித்தார்கள், ஒன்றுமில்லை. என்னை அந்த டாக்டர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஆள் நல்லா இருந்தா வேலை நடக்கும்னு ஃபாக்டரி இதுக்குச் செலவு பண்ணுது. ஊர்ல இருக்கற எல்லாருக்கும் சர்க்கார் பார்க்கணும்னா, நானும் முடியாதுன்னுதான் சொல்வேன். நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

அந்த ஃபாக்டரி யார் பணம் என்று கேட்க வாயெடுத்தேன். சகலை என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டான்.

உங்களிடமே வந்தேன். சிறுநீரில் சர்க்கரை வந்தது என்று நானே சொன்னதும் சோதித்துப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, முன்னாடியே வந்தே. காலு தப்பிச்சுது" என்று முதுகில் தட்டினீர்கள். என்னை உங்களுக்கு அடையாளமே தெரியவில்லை.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுகாதாரக் கூட்டம். நோயில்லாத பெரியவர்களைச் சர்க்கார் செலவில் சோதிப்பது வீண், டாக்டர்கள் நோயாளிகளுக்கே போதவில்லை, இல்லாத பயத்தைக் கிளப்பிவிடும் என்று பேசினீர்கள். கைதட்டினார்கள். டாக்டர் போதவில்லை என்பது உண்மை, தரையில் கிடந்தவனை நானும் பார்த்தேன். ஆனால் ஃபாக்டரி கேட்டுக்கு உள்ளே மட்டும் அது எப்படி வீணில்லாமல் போனது? கடைசி வரிசையில் இருந்த நான் எழுந்து கேட்கவில்லை. சீசா கதை வெளியே வந்துவிடுமே என்ற வெட்கம்.

இப்போது நானே எழுதிவிட்டேன், இனி என்ன வெட்கம்? திருட்டுத்தனம் செய்ததால் என் இரண்டு காலும் இருக்கின்றன. அண்ணனுக்கு அந்த வழியும் இல்லை. டாக்டரே, புண் வந்த பிறகு வந்தால் தாமதம் என்கிறீர்கள். புண் இல்லாமல் வந்தால் வீண் என்கிறீர்கள். மலைக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவன் எந்த நாளில் உங்களிடம் வர வேண்டும்? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அதே பள்ளிக்கூடத்தில், அதே மைக்கில், ஊர் கேட்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.