சிவலிங்கம் அண்ணன் கேட்ட ஒரு வரி

"அண்ணே, கம்பளைக் கடையை நீங்க எடுத்து நடத்துறீங்களா?" என்று கம்பனி மேலாளர் தொலைபேசியில் கேட்டார். ஏன், சிவலிங்கம் அண்ணனுக்கு என்ன என்றேன். "காலையில மாரடைப்பு. ஆள் போயிட்டார்." செய்தி எனக்கு இந்த ஒழுங்கில்தான் வந்து சேர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நானும் பதில் சொன்னேன். வெட்கங்கெட்ட பதில்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பில் பேக்கரியொன்றில் பல வருடம் மாவு பிசைந்துவிட்டு, கம்பளையில் இந்தக் கம்பனியின் பேக்கரிக் கடையொன்றைப் பிரான்சைஸாக எடுத்தார். முதலும் உழைப்பும் எங்களுடையவை, பெயர்ப்பலகை கம்பனியுடையது. அதே வருடம் கட்டுகஸ்தோட்டையில் நானும் ஒன்று எடுத்தேன். நாங்களெல்லாம் கம்பனி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தோம். அவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தார். முற்பணம் கட்டியாகிவிட்டதால் கடைசியில் அவரும் கையெழுத்து வைத்தார்.

பிறகு கண்டி ஹோட்டலொன்றில் கடைக்காரர் கூட்டம். கேள்வி ஏதும் உண்டா என்றதும் நாங்கள் கட்லட்டைப் பார்த்தோம். அவர் எழுந்தார்.

"நான் செத்தா ஒப்பந்தம் முடிஞ்சிடும்னு போட்டிருக்கு, சார். என் பொஞ்சாதி முதல் நாள்ல இருந்து அந்தக் கடையில நிக்கிறா. அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல குடும்பம் தொடர்ந்து நடத்தலாம்னு சட்டமே இருக்கு. இங்க இல்ல. ஒப்பந்தத்துல ஒரு வரியாவது சேருங்க."

"உங்களுக்கு நூறு வயசு" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணன் என்னைப் பார்த்தார். "சிரிச்சீங்களே தம்பி, நீங்க என்ன சாகாவரம் வாங்கிட்டா வந்தீங்க?" கோபமில்லை. பஸ்ஸில் எனக்கும் சேர்த்துத்தான் இடம் பிடித்தார். அடுத்தடுத்த கூட்டங்களிலும் தனியாக எழுந்து கேட்டார். அந்த வரி வரவே இல்லை.

மரண வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. கதிரையில் உட்கார்ந்து, தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். அண்ணி பக்கத்தில் வந்தார்.

"மாசக் கடைசியில சாவியக் குடுக்கணுமாம், தம்பி. கடைப் புள்ளைங்க நாலு பேரும் தோட்டத்துல இருந்து வந்ததுங்க. வேற யாரும் வந்தா அதுங்கள வேலையில இருந்து நிப்பாட்டிடுவாங்க. நீங்களே எடுத்துக்குங்க."

சரியென்று தலையை ஆட்டினேன். கம்பனி ஏற்கெனவே என்னைக் கேட்டுவிட்டது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. வெட்கம் மட்டும் தெரிகிறது.

எழுந்து நின்று கேட்டவர் நீங்கள், அண்ணன். உட்கார்ந்திருந்தவன் கைக்குச் சாவி வருகிறது. போய் வாருங்கள்.