ஆணியில் தொங்கிய மழை

ஈப்போவில் என் வீட்டுக்குப் பின்னால் எஞ்சியிருக்கும் ஒற்றை ரப்பர் மரம் இன்று காலை கொட்டும் மழையில் சிவந்த இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் இலையுதிர்வா? வியப்போடு என் இயற்கைக் குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் குறிப்பேடு நினைவுக்கு வந்தது.

எனக்கு எட்டு வயது. லகாட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தினமும் மழையா வெயிலா என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். நான் வானத்தைப் பார்த்ததே இல்லை. மரப்பட்டை நனைந்தால் அப்பா பால்வெட்டுக்குப் போகமாட்டார். அதனால் எழுந்ததும் சுவரைப் பார்ப்பேன். அவருடைய கத்தி ஆணியில் தொங்கினால் மழை, இல்லாவிட்டால் வெயில்.

ஒருநாள் அப்பா நோட்டைப் புரட்டினார். "என்னம்மா இது, கெணறே வத்திக் கெடக்கு, ரெண்டு வாரமா மழைன்னு எழுதியிருக்க?"

"நீங்கதான் வெட்டுக்குப் போகலியேப்பா!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அப்பா சொன்னார்: "மரம் எலை கொட்டுதுலா, அதான் வெட்டு இல்ல."

வெளியே ஓடினேன். காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்கின.

இன்று மழையையும் இலையுதிர்வையும் முதன்முறையாக ஒரே வரியில் எழுதினேன். நிமிர்ந்தால், சுவரில் அப்பாவின் கத்தி. அவர் போனபின் அதை யாரும் இறக்கவில்லை. என் பழைய கணக்குப்படி, இந்த வீட்டில் பல வருடங்களாக விடாத மழை.