மனைவியின் ரம்பமும் அரை மில்லியும்

ரிப்பேர்க் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘அரை மில்லி’. எந்த இன்ஜினைக் கொடுத்தாலும் கழற்றி, குடைந்து, மாட்டித் தருவார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அரை மில்லிதான் எடுத்தேன்" என்பார். அரை மில்லிமீட்டர் தேய்த்தாராம். மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. அவர் கைபட்ட பிறகு வீட்டு மிக்ஸி மூடியைத் தூக்கிக் கூரையில் அடித்தது. டேபிள் ஃபேன் வைத்த இடத்தில் நிற்காமல் மேஜை மேல் நடந்தது. போன மாதம் கட்டில் கால் ஆடுகிறது என்று அதையும் தேய்த்துவைத்தார். இத்தனைக்கும் கெட்டிக்காரர். அதுதான் தொல்லையே.

அந்த வீட்டில் அவர் தொடக்கூடாத ஒரே சாமான் மனைவியின் செயின்சா, அதாவது மரம் அறுக்கிற இன்ஜின் ரம்பம். மரம் வெட்டுவது அவள் தொழில். காற்றில் விழுந்த மரம், சுவரில் சாய்ந்த மரம், எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக அதே மெஷின். கல்யாணமான புதிதிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பிளக் மாத்துங்க, செயினைத் தீட்டுங்க. அதுக்கு மேல அதுல கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பாவம், அவரும் பொறுத்துத்தான் பார்த்தார். ஆனால் ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் அவள் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு முகம் சுளிப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவு கனமான மெஷினை நாள் முழுக்கப் பிடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? மரம் சீக்கிரம் அறுபட்டால் பிடிக்கிற நேரம் குறையும், தோளும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கிற பழக்கம்தான் அவருக்கு என்றைக்குமே கிடையாதே.

அவள் இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். பஸ் தெருமுனை தாண்டியிருக்காது, மெஷின் இவர் மேஜைக்கு வந்துவிட்டது. டிகிரி போட்ட வட்டத் தகட்டை மாட்டி, பிஸ்டன் இறங்கும்போது புகை போகிற போர்ட் என்ற துளை எந்த டிகிரியில் திறக்கிறது என்று மூன்று தடவை பார்த்துக் குறித்தார். அந்த போர்ட்டின் மேல் விளிம்பை உயர்த்தினால் புகை முன்கூட்டியே வெளியேறும், இன்ஜின் எகிறிச் சுற்றும். சிலிண்டரைக் கழற்றி, பல் டாக்டர் கையில் இருப்பது போன்ற சின்ன கிரைண்டரால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மில்லி தேய்த்தார். பிஸ்டன் ரிங் மாட்டாதபடி விளிம்பையும் மழுக்கினார். எல்லாவற்றையும் மாட்டிக் கடை வாசலில் ஒரு கட்டையை அறுத்தால், சும்மா தொட்டதற்கே வெண்ணெயாக விழுந்தது. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் திரும்பிய மறுநாள் ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரம் விழுந்தது. சாலை சூப்பர்வைசர் அவளிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: "மத்தியானத்துக்குள்ள வழி விடணும்மா. இல்லேன்னா இந்த வருஷத்து மர வேலையெல்லாம் கிரேன்காரங்களுக்குத்தான்."

பத்து மணிக்குக் கடையில் போன் அடித்தது.

"மரத்துல வச்சு அழுத்தினா மெஷின் செத்துப்போகுது. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பிளக்கை மட்டும்தான்..."

"முதல் இழுப்புலயே சத்தம் மாறியிருந்துச்சு. நான் என்ன செவிடா? டூல்ஸை எடுத்துக்கிட்டு வாங்க."

போய் நின்றவர், அவள் மரம் அறுப்பதை அன்றுதான் பார்த்தார். வெட்கக்கேடு, பதினொரு வருடத்தில் முதல் தடவை! இவர் கட்டையை விரலால் தொடுவது போல் அறுப்பவர். அவளோ செயின் ஓடுகிற நீளத் தகடு முழுவதையும் மரத்துக்குள் இறக்கி, முட்டியை முட்டுக்கொடுத்து, உடம்பையே சாய்த்து அழுத்துகிறாள். எகிறிச் சுற்றினால்தான் பலம் வரும்படி இவர் மாற்றிய இன்ஜின் அந்த அழுத்தத்தில் வேகம் இறங்கி, இருமி, நின்றது. தன் கைக்குச் செய்து அவள் கையில் கொடுத்திருக்கிறார்.

"தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியுமா?" என்றாள்.

"முடியாது." அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆம்புலன்ஸ் ஒன்று மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கிளைகளைத் தாண்டித் தூக்கிப்போனார்கள். அவள் ஓடிப்போய் அவர்களுக்குக் கிளைகளை விலக்கிப் பிடித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நடைபாதையில் உட்கார்ந்து சிலிண்டரைக் கழற்றினார். அடியில் இருந்த கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு கையோடு வந்தது. அளந்தார், அரை மில்லி கனம். அட! இது இல்லாமல் மாட்டினால் சிலிண்டரே அரை மில்லி கீழே உட்காருமே. உயர்த்திய போர்ட்டும் பழைய இடத்துக்கு இறங்கிவிடும், இன்ஜினுக்கு அழுத்தமும் கூடும். பிஸ்டன் மேலே போய் இடித்தால் மட்டும் எல்லாம் போச்சு. சிலிண்டரை வைத்து, பிளக் துளை வழியாக ஈயக்கம்பியை விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, பிஸ்டன் நசுக்கிய கம்பியை எடுத்து அதன் கனத்தை அளந்தார். இடைவெளி போதுமானதாக இருந்தது. கேஸ்கெட்டுக்குப் பதில் பசை தடவி முடுக்கி, அது இறுகும்வரை அவளை மெஷின் பக்கமே விடவில்லை.

பிறகு அவள் கயிற்றை இழுத்தாள். மரத்தில் வைத்து உடம்பைச் சாய்த்தாள். இன்ஜின் உறுமியது, நிற்கவில்லை. சூப்பர்வைசர் சாப்பிட்டு வருவதற்குள் ஆம்புலன்ஸ் வாசலுக்கே போய்விட்டது.

வேனில் திரும்பும்போது மெதுவாக ஆரம்பித்தார். "உன் தோள் வலி குறையட்டும்னுதான்..."

"மரம் வெட்டி வலிக்குதுன்னு நான் சொன்னேனா?"

"பின்ன?"

"வலி எப்ப வருது? காலையில. எழுந்திரிக்கும்போதே வலிக்குதே, தூக்கத்துல எந்த மரத்தை வெட்டினேன்? போன மாசம் கட்டில் காலைத் தேய்ச்சீங்களே, அன்னையிலேர்ந்து கட்டில் என் பக்கம் சரியுது. நீங்க உருண்டு வந்து ராத்திரி பூரா என் தோள்லதான் தலையை வைக்கிறீங்க."

"அரை மில்லிதான் எடுத்தேன்..."

"ரெண்டு விரல்கடை!"

அன்று அவர் கட்டிலின் ஓரத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அவள் சிரித்துவிட்டாள்.

"அங்க என்ன தொங்கிக்கிட்டு? எழுந்து இந்தப் பக்கம் வாங்க. இனிமே நான் உருண்டு வந்து உங்க தோள்ல படுத்துக்கறேன். தைலம் ஜன்னல்ல இருக்கு."