தொட்டிக்குள் பதர் இல்லை

அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கம்பைன் எனப்படும் அறுவடை இயந்திரங்களை விற்கும் ஒரு கடையில் நான் மெக்கானிக். கோடை முழுவதும் கருவிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வயல் வயலாக அலைவதுதான் என் பிழைப்பு. லண்டன் மனோர் பார்க் கோயில் அன்னதானத்தில் பந்தியில் இருந்தபடி என்னைக் காட்டி, "ஆம்பிளைப் பிள்ளை இல்லாத குறையை இவள் தீர்த்துப்போட்டாள், ஸ்பானர் பிடிக்கிறாள்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தவர் அவர். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார். அதை நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை.

லண்டனில் கோதுமை விளைகிறது என்றால் நோர்பரியில் என் பக்கத்து வீட்டுக்காரர்கூட நம்பமாட்டார். கிழக்கு ஓரத்துக்குப் போனால் நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வயல்கள் கிடக்கின்றன. அங்கே ஒரு பண்ணையில் அந்தக் கோடைக்குக் கம்பைன் ஓட்டச் சேர்ந்திருந்தார் அத்தான். கிளிநொச்சியில் நெல்லு வெட்டும் மெசின் ஓட்டிய அனுபவத்தைச் சொல்லி எடுத்த வேலை அது.

ஒருநாள் அந்தப் பண்ணைக்காரர் எங்கள் கடைக்குப் போன் செய்தார். இயந்திரம் பின்பக்கத்தால் கோதுமையைக் கொட்டிக்கொண்டு போகிறது, பிழை இயந்திரத்திலா ஓட்டுபவரிலா என்று யாராவது வந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். ஓட்டுபவரில் என்றால் அவரை அன்றைக்கே நிறுத்திவிடுவாராம். கடை முதலாளி என்னைப் போகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

வழியில் அக்கா போன் செய்தாள்.

"நீதானாம் வாறாய். அவரோட கொழுவிப்போடாதை, சண்டை வேண்டாம்."

"நான் ஏன் கொழுவப்போறன்? மெசினைப் பாக்கத்தான் போறன்."

"இந்த வேலையும் போச்செண்டால் அவர் வீட்டிலதான் இருப்பார். பிறகு விடிஞ்சா பொழுதுபட்டா நான்தான் வாங்கிக் கட்டவேணும். உனக்குத் தெரியும்தானே."

தெரியும். போன தடவை அவருக்கு வேலை போனபோது அக்கா கோயிலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். கொண்டாட்டம் அடங்கிப்போய், வெறும் எரிச்சலோடு போய் இறங்கினேன்.

அத்தான் இயந்திரத்தின் ஏணியில் நின்று, என்னை மேலே ஏறி வந்து தானியத் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. ஒரு துரும்பு இல்லை, உமி இல்லை, கடையில் பைக்கற்றில் வாங்கியதுபோல மணி மட்டும்.

"ஒரு பதர் கிடக்கோ, சொல்லு பாப்பம்? ஊரில நான் வெட்டின நெல்லை யாவாரி கையில அள்ளிப் பாத்திட்டு ஒண்டும் கதைக்காமல் ஏத்திக்கொண்டு போவான்."

"தொட்டியை விடுங்கோ அத்தான். மெசினைப் பயிருக்குள்ள நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்சம் ரிவேர்ஸ் எடுங்கோ. நிலத்தைப் பாப்பம்."

"நிலத்தில கொஞ்சம் கிடக்கத்தானே செய்யும். குருவி தின்னட்டும்."

முணுமுணுத்தபடி செய்தார். இயந்திரத்தின் வால் நின்ற இடத்தில் குந்தியிருந்து வைக்கோலைக் கையால் விலக்கினேன். கீழே மணி மணியாகக் கிடந்தது, எல்லாம் முழு மணி. நடுவே மணி உதிராத அரைக் கதிர்களும் கிடந்தன. ஒரு கை அள்ளி அவர் முன்னால் நீட்டினேன். அவர் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் செய்த பிழை எனக்கு உடனே விளங்கியது. எங்கள் பக்கத்து நெல்லுக்காரருக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. நெல்லில் பதர் இருந்தால் வியாபாரி முகம் சுளிப்பான், அதனால் பதரை ஊதித் தள்ளும் காற்றை முழுதாகத் திறந்து சல்லடையை நெருக்கி வைப்பார்கள். ஓங்கி அடித்தால் அரிசி உடையும் என்ற பயத்தில் கதிரடிக்கும் டிரம்மையும் மெதுவாகச் சுற்றவிடுவார்கள். அத்தான் நெல்லுக்குச் செய்ததை அப்படியே கோதுமைக்கும் செய்திருந்தார். மெதுவான டிரம்மில் கதிரிலிருந்து மணி உதிரவில்லை. உதிர்ந்த மணியும் நெருங்கிய சல்லடைக்குள் இறங்க வழியில்லாமல், அந்தப் பேய்க்காற்றில் உமியோடு வெளியே பறந்தது. தொட்டிக்குள் தப்பி வந்தது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்த வயல்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் எது திருத்தியது என்று தெரியாது. முதலில் டிரம்மைக் கூட்டினேன். கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, குந்தியிருந்து பார்த்தேன். அரைக் கதிர் இல்லை. பிறகு மேல் சல்லடையைத் திறந்து பார்த்தேன், கடைசியாகக் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அத்தான் ஸ்ரியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?" என்று மேலிருந்து கத்தினார். கடைசியில் வைக்கோலுக்கடியில் தேடித்தான் மணி பொறுக்கவேண்டியிருந்தது.

தொட்டியை எட்டிப் பார்த்தவரின் முகம் கறுத்தது. மணியோடு கொஞ்சம் உமியும் வந்திருந்தது.

"குப்பையை அள்ளிப் போட்டிருக்கிறாய்!"

"இவ்வளவு உமி இஞ்ச ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை அத்தான். இந்த மூண்டிலயும் கை வையாதேங்கோ. வைச்சியளெண்டால் வேலை போயிடும்."

"எனக்குப் படிப்பிக்க வந்திட்டாள்."

பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணைக்காரரிடம் போனேன். கோதுமைக்கு ஏற்றபடி இயந்திரம் அமைக்கப்படவில்லை, இப்போது சரி, இனிக் கொட்டாது என்றேன். யார் அப்படி வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவுக்காக அந்த மனிதரைக் காப்பாற்றிவிட்டு வந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு நன்றி வரவில்லை. வந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன்.

பிறகு மழை பெய்தது. இரண்டு வாரம் போக, பண்ணைக்காரர் என்னை மறுபடியும் கூப்பிட்டு வயல் ஓரத்தில் நிறுத்தினார். வயலைக் கையால் காட்டினார்.

கீழே விழுந்த கோதுமை முளைத்திருந்தது. இயந்திரம் போன வழியெல்லாம் பச்சைப் பட்டை பட்டையாக, கோடு போட்டு விதைத்த மாதிரி. நடுவில் நான் நின்று வெட்டுவித்த துண்டு மட்டும் வெறும் மண்ணும் அரிதாளுமாகக் கிடந்தது. அதற்கப்பால் மறுபடியும் பச்சை, முந்தியதைவிட அடர்த்தியாக. என் வேன் பண்ணை வாசலைத் தாண்டியதுமே அத்தான் காற்றை மறுபடியும் முழுதாகத் திறந்திருக்கிறார்! தொட்டி அழகாக இருக்கவேண்டுமே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பச்சையைக் காலால் உதைத்தேன்.

அவரைக் காலையிலேயே நிறுத்திவிட்டதாகப் பண்ணைக்காரர் சொன்னார்.

திரும்பும் வழியில் பிளாக்வோல் சுரங்கப்பாதைக்கு முன்னால் வாகனங்கள் நகராமல் நின்றபோது அக்கா போன் செய்தாள். அடிக்குரலில் பேசினாள்.

"நீ பிழையா வைச்சிட்டுப் போனதாலதான் வேலை போச்செண்டு நிக்கிறார். ஒருக்கா அவரோட கதைச்சு, உன்ர பிழைதான் எண்டு சொல்லிவிடு. வேற ஒண்டும் வேண்டாம்."

"நான் வைச்சது சரி அக்கா. வயலை வந்து நீயே பார். பச்சை பச்சையாக் கிடக்குது."

"வயலைப் பாத்து நான் என்ன செய்ய? நான் இந்த வீட்டுக்குள்ளதானே இருக்கவேணும்."

"சொல்லமாட்டன்" என்றேன். "செத்தாலும் சொல்லமாட்டன்."

அக்காவுக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது. "என்னவாம் அவள்?"

"தன்ர பிழைதானாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா போனை வைத்தாள்.