படப்பைக் குட்டையில் தேரைகள்

முதல் மழை பெய்து ஓய்ந்த விடியலில் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். படப்பைக்கு நாற்பது ரூபாய். அங்கே குடியிருக்கும் என் அண்ணி புஷ்பா போனில் சொல்லியிருந்தார்: "வூட்டுக்குப் பின்னால குட்டையில தேரைங்க கத்திகினே கீதுங்க. உனக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே, வந்து பாரு."

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி சீருடையில் தயாராக இருந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்ததால் அவரும் கூட வந்தார்.

குட்டை என்பது மனை போட மண் எடுத்த பள்ளம். ஓரத்தில் முழங்காலளவு தண்ணீர். ஆண் தேரைகள் தொண்டையை உப்பவைத்து விடாமல் கத்தின. பெண் பெரியது, ஆண் அதன் முதுகில் ஏறி அக்குளை இறுக்கிக்கொள்கிறது. ஆள் மாறி இன்னோர் ஆணைப் பிடித்தால், பிடிபட்டது 'கிக் கிக்' என்று அதட்டுகிறது. உடனே பிடித்தது விட்டுவிடுகிறது. ஒன்று என் செருப்பு நுனியைக் கட்டிக்கொண்டது. அதட்டத் தெரியாத செருப்பை அது விடுவதாக இல்லை.

"அது இன்னா, பந்து மாதிரி உருளுது?" அண்ணி கேட்டார்.

ஒரே பெண்ணை நாலைந்து ஆண்கள் கட்டிப் பிடித்திருந்தன. அதன் தலை தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது.

"சில சமயம் மூச்சு முட்டிச் செத்துடும், அண்ணி."

"நீ பாத்துகினே நிப்பியா?"

பார்ப்பது மட்டுமே என் வேலை, கை வைக்கக் கூடாது என்றுதான் வந்திருந்தேன். தேரையைக் கண்டாலே ஒதுங்கும் அண்ணி, பையிலிருந்து வேலைக்கான கையுறையை எடுத்து மாட்டி, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். முகத்தைத் திருப்பியபடியே ஆண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டு, பெண்ணைத் தூக்கிப் புல்லில் வைத்தார். அது அசையவில்லை.

சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. அண்ணி நகரவில்லை.

"போங்க அண்ணி, சூப்பர்வைசர் கத்துவாரு."

"இரு."

தேரையின் தொண்டை மெல்லத் துடித்தது. பிறகு எழுந்து, நேராகத் தண்ணீரை நோக்கியே நகர்ந்தது.

"திரும்ப அங்கியே போறாளே," என்றபடி அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் அந்தப் பெண் தேரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. இம்முறை ஒரே ஓர் ஆண்தான் ஏறிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள், கண்ணாடி நூலில் கோத்த கருமணி போல இரண்டு முட்டைச் சரங்கள் கோரையைச் சுற்றிக் கிடந்தன. முடிந்ததும் பெண் ஆணை உதறிவிட்டுக் கரையேறி, மனைக்கற்களைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது.

படம் அனுப்பினேன். சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி அழைத்தார்.

"முட்டைங்கள யாரு பாத்துக்குவா?"

"யாருமில்ல, அண்ணி. ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சு தலைப்பிரட்டையாயிடும். அப்புறம் காலு முளைக்கிற வரைக்கும் தண்ணி வத்தாம இருக்கணும்."



"சரி, நீ கிளம்பு. ஷிப்ட் முடிஞ்சு வந்து தண்ணி எவ்ளோ கீதுன்னு நான் பாத்து சொல்றேன்."