நனையக் கூடாத கை

சவரம் செய்யும்போது இடது கழுத்தில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. நாற்பத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்றும் எழுதினேன்: புதன், லேசான தூறல், கழுத்தில் கட்டி.

பன்னிரண்டாம் நாள் கோவையில் ஒரு மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார்: "எப்பருந்து இருக்குதுங்க?"

"பன்னெண்டு நாளுங்க," என்று நாட்குறிப்பைத் திறந்து காட்டினேன்.

அவர் சிரித்தார். "அது நீங்க பாத்த தேதிங்க. கட்டி வந்த தேதி யாருக்குமே தெரியாதுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புக் கம்பெனியில் பரிசோதனைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தேதியில்லாத வரியை நான் எழுதியதே இல்லை.

திசுப் பரிசோதனையில் லிம்ஃபோமா என்று வந்தது (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்). இருபத்தொரு நாளுக்கு ஒன்றாக ஆறு சுற்று கீமோ. மருந்து ஏற்றுவதற்காக வலது மேல்கையில் பிக் லைன் போட்டார்கள் (கை ரத்தக்குழாய் வழியாக நெஞ்சுவரை செல்லும் மெல்லிய குழாய்). அந்தக் கை நனையவே கூடாது. என் மனைவி ஸ்டெல்லா, கை நனையாமல் என்னைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டாள்.

இரண்டாம் சுற்று முடிந்த வாரம் என் தம்பி சாமு வந்தான். சோமனூரில் தறி ஓட்டுகிறான். நாங்கள் இருவரும் கைக்குழந்தையாக இருந்தபோதே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவன் பத்து வருடம் முன்பு, முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு சபைக்குப் போய்விட்டான். அங்கே இரட்சிப்புக்குத் தேதி உண்டு. அவன் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிக்குக் கீழே மறுபடி பிறந்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறான்.

"கோவிச்சுக்காதீங்ணா, நேராவே கேக்கறேன். செத்தா எங்க போவோம்னு உங்களுக்கு நிச்சயம் இருக்குதுங்ளா? எந்தத் தேதில இரட்சிக்கப்பட்டீங்க?"

எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருப்பவன், இதற்கு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். தேடிச் சொல்வதாகச் சொன்னேன்.

பழைய நாட்குறிப்புகளில் ஒன்றல்ல, நான்கு தேதிகள் கிடைத்தன. பதினெட்டு வயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் கை தூக்கியிருக்கிறேன்: "இன்று என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்." அடுத்த வருடம் அதே வரி. இருபத்துமூன்று வயதில் மறுபடியும். கடைசியாகக் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

படித்துக் காட்டியதும் சாமுவின் முகம் வாடிவிட்டது. "நாலு தடவை பொறந்தீங்கன்னா ஒருக்காக்கூடப் பொறக்கலைன்னுதானுங்ணா அர்த்தம்."

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "ஏனுங் சாமு, எங்களுக்குக் கண்ணாலம் ஒருக்காதான் ஆச்சு. சண்டை போட்டுச் சமாதானமானது எத்தனை தடவைன்னு அதே டைரிலதான் இருக்கும், பாருங்க. அதுக்காக நான் இவரு பொண்டாட்டி இல்லைன்னு ஆயிருமா? ஆண்டவரு பிடிச்ச பிடியை விடமாட்டாருங்க. நம்ம பிடி அப்பப்பத் தளரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாமு அழுதான். "மேல போயி உங்களைத் தேடோணுமுங்ளாண்ணா? எல்லாரும் இருந்து நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்றது?"

மூன்றாம் சுற்று முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பவானி ஆற்றில் முழுக்கு எடுக்கச் சம்மதித்தேன். நம்பிக்கையால் அல்ல. அவன் கண்களுக்காக. பயமும் இருந்தது.

டாக்டரம்மாவிடம் சாமுவே பேசினான். "பாலித்தீன் கவரு சுத்தி டேப்பு ஒட்டிப் போடறமுங்க. ஒரே நிமிசந்தானுங்க."

"ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போனாலும் கிருமி ரத்தத்துல கலந்துருமுங்க. இப்ப இவருக்கு வெள்ளணுவே கொஞ்சந்தான். வேண்டவே வேண்டாமுங்க."

கையில் இந்தக் குழாயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தச் சடங்குக்காகத் தண்ணீரில் இறங்குவதானாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்: "குழாயை எடுத்தப்பறம் போனாத்தான் என்ன, சாமு?"

"அது வரைக்கும் இருப்பீங்ளாண்ணா?" கேட்டபிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்ப இந்தக் கையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு முங்கறேன்."

அவன் நிஜமாகவே யோசித்தான். "ஒரு விரலு வெளிய நின்னாலும் அது முழுக்கு இல்லீங்ணா."

"சரி, கையை மட்டும் நரகத்துக்கு அனுப்பிரலாம்."

அவன் எழுந்து நடைபாதையின் கோடிக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றான். நான் சொன்ன அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்காம் சுற்றின் பத்தாம் நாள், எந்த ஆற்றிலும் இறங்காமலே காய்ச்சல் வந்தது. வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அப்போது நிச்சயத்தைத் தேடினேன், கழுத்தில் கட்டியைத் தேடுவதுபோல அழுத்தி அழுத்தி. சில வேளை தட்டுப்பட்டது. சில வேளை ஒன்றுமே இல்லை. சாமு முகக்கவசத்தோடு பக்கத்தில் இருந்தான். அந்த ஐந்து நாளும் அவன் தேதி கேட்கவில்லை. துணியை நனைத்து என் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆறாம் சுற்றுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. "குணமாயிருச்சுங்களா?" என்றேன்.

"ரெமிஷன்னு சொல்வோமுங்க (நோய் தென்படாத நிலை). இப்போதைக்குத் தெரியலை, அவ்வளவுதான். நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேனுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வாங்க."

நிச்சயமில்லாத அந்தப் பதிலை அவரிடமிருந்து ஏற்றுக்கொண்டேன். குழாயை எடுத்தார்கள். மறுநாள் சாமு போன் செய்தான். பின்னால் தறிச் சத்தம்.

"இப்பத் தண்ணி படலாமுங்ளாண்ணா?"

"படலாம்."

"தேதி குறிச்சரட்டுங்ளா?"

"உனக்காக முங்கிருவேன் சாமு. ஆனா கரையேறுனதும் நிச்சயமான்னு கேப்பே. அப்பவும் நம்பறேன்னுதான் சொல்லுவேன். தெரியும்னு சொல்ல வராது."

"அது போதாதுங்ணா," என்றான். கோபமே இல்லை. "போனை வெச்சர்றனுங்."

அவன் தேதி குறிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எனக்காக உபவாசம் இருக்கிறான் என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

நாட்குறிப்பு எழுதுவதை விடவில்லை. ஆனால் தேதிகளை முன்போல் நம்புவதில்லை. சவரம் செய்யும்போது விரல் கழுத்தில் நின்றுவிடுகிறது. வலது கை, மழைத் தூறல் பட்டாலும் தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிழமையை மட்டும் காலண்டர் பார்க்காமலே உடம்பு சொல்லிவிடுகிறது. மதியம் தட்டின் முன் உட்கார்ந்து முதல் கவளம் தொண்டையில் இறங்க மறுத்தால், அன்று வெள்ளிக்கிழமை.